பாலையாவை அறிந்து சிரித்தவர்கள்

1964 பிப்ரவரி 27 அன்று ‘காதலிக்க நேரமில்லை’ வெளியானபோது, அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு டி.எஸ். பாலையா புதியவர் அல்லர். 1936-இல் ‘சதி லீலாவதி’யில் தொடங்கி இருபத்தெட்டு ஆண்டுகளாக அவரைப் பார்த்து வந்தவர்கள் அவர்கள். அந்த ஆண்டுகளில் கணிசமான பகுதி அவர் வில்லன். அந்தக் குரல் கொஞ்சம் குழைந்தாலே அடுத்து ஒரு சூது வரப்போகிறது என்று தரை டிக்கெட்டில் இருந்தவர்களுக்கும் தெரியும். அப்பேர்ப்பட்டவர் இந்தப் படத்தில் சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன். மகன் செல்லப்பாவாக வரும் நாகேஷ், வாயாலேயே சத்தங்களை எழுப்பிக்கொண்டு பேய்ப்படக் கதை சொல்ல, உட்கார்ந்த இடத்திலேயே ஒடுங்கிப் போகிறார். அன்று அரங்கில் எழுந்த சிரிப்பு பயந்து நடுங்கும் ஓர் அப்பாவுக்கானது மட்டுமல்ல. ஊரையே நடுங்க வைத்த மனிதர் நடுங்குகிறாரே என்பதற்கும் சேர்த்துத்தான் சிரித்தார்கள்.

இன்று கைபேசியில் அதே காட்சியைப் பார்க்கும் இருபது வயதுக்காரரும் சிரிக்கிறார். நாகேஷின் வேகமும் பாலையாவின் விழிகளும் அறுபது ஆண்டு கழிந்தும் வலுவிழக்கவில்லை. ஆனால் அவர் அறிந்த பாலையா இந்தப் பயந்தாங்கொள்ளி அப்பா. மிஞ்சினால் ‘திருவிளையாடல்’ ஹேமநாத பாகவதர், ‘தில்லானா மோகனாம்பாள்’ தவில்காரர். மூன்றும் 1964-க்கும் 1968-க்கும் இடைப்பட்டவை. அதற்கு முந்தைய கால் நூற்றாண்டுப் பாலையா அவர் கண்ணில் பட்டதே இல்லை. சிரிப்பு வருகிறது, அதற்குப் பின்னால் இருந்த நினைவு வரவில்லை. ஒரு பழைய படத்தை நேசிப்பவருக்கு அதைவிடப் பழைய படங்களை எடுத்துச் சொல்வதன் பயன் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அன்றைய ரசிகர்கள் மனத்தில் சுமந்துகொண்டு அரங்குக்குள் போனதை, இன்றைய ரசிகருக்கும் கொஞ்சம் கொடுத்து அனுப்புவது.

பாலையா மட்டுமல்ல. ஸ்ரீதர் என்றால் கண்ணீர் என்றிருந்த காலம் அது. 1959-இல் ‘கல்யாண பரிசு’, 1962-இல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, அதே ஆண்டில் ‘போலீஸ்காரன் மகள்’. இவற்றைப் பார்த்துக் கைக்குட்டை நனைத்தவர்கள்தாம், அதே ஸ்ரீதர் முழுநீளச் சிரிப்புப் படம் எடுத்திருக்கிறாராம், அதுவும் ஈஸ்ட்மேன்கலரில் என்று கேள்விப்பட்டுப் போனார்கள். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் புற்றுநோயோடு கட்டிலில் கிடந்து, தனக்குப் பின் மனைவி மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்று கேட்ட கணவன் முத்துராமன். இரண்டே ஆண்டில் அவர் பணக்காரக் கிழவர் வேஷம் போட்டுக்கொண்டு சின்னமலைக்கு வந்து இறங்குகிறார். சச்சு 1962-இல் ‘வீரத்திருமகன்’ படத்தின் கதாநாயகி. இங்கே செல்லப்பாவின் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ படத்துக்கு நடிகையாகத் தேர்வாகும் பெண். ரவிச்சந்திரனும் காஞ்சனாவும் மட்டுமே புதியவர்கள். மற்றவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பழைய கணக்கோடுதான் திரையில் தோன்றினார்கள். இன்று பார்க்கிறவருக்கு எல்லோருமே ஒரே நாளில் பிறந்தவர்கள்.

அந்தப் பழைய கணக்கு முன்பெல்லாம் எப்படிக் கைமாறியது என்பதை எண்ணிப் பார்க்கிறேன். படத்தைப் பார்ப்பதற்கு வழி குறைவு, கேட்பதற்கு வழி ஏராளம். வீட்டுக்கு ஒருவர் கதை சொல்ல இருந்தார். எங்கள் வீட்டில் பெரியப்பா. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலைச் செல்லத்தை நகர்த்தி வைத்துவிட்டு ‘மதுரை வீரன்’ என்று ஆரம்பித்தால், நரசப்பனாக வரும் பாலையாவின் குரலை எடுத்துப் பேசுவார். தோள் துண்டு ஒரு நிமிடம் அங்கவஸ்திரம் ஆகும், அடுத்த நிமிடம் சவுக்காகும். பொம்மிக்கு இரங்கி, வீரனுக்கு மார் தட்டி, சண்டைக் காட்சி வரும்போது கூடத்துத் தூணைச் சுற்றி வருவார். பல ஆண்டு கழித்து அந்தப் படத்தைப் பார்த்தபோது, அவர் கால் மணி நேரம் நடித்துக் காட்டிய இடம் திரையில் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. கேட்ட படம் பார்த்த படத்தைவிடப் பெரியதாக இருந்த காலம் அது.

அப்படிச் சொல்கிறவர்களிடம் ஒரு தேர்ச்சி இருந்தது. யாருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு ‘மாயா பஜார்’, ரங்காராவ் கடோத்கஜனாக உட்கார்ந்து கல்யாண விருந்தைக் காலி செய்யும் இடம். புதிதாக மணமான பெண்களுக்கு ‘மிஸ்ஸியம்மா’. துப்பறியும் கதை படிக்கிற பையனுக்கு ‘அந்த நாள்’. ஒரு பாட்டுக்கூடக் கிடையாது தம்பி, யார் சுட்டது என்று கடைசிவரை உன்னால் சொல்ல முடியாது என்று ஆசை காட்டுவார்கள், முடிவை மட்டும் சொல்ல மாட்டார்கள். 1954-இல் எஸ். பாலசந்தர் எடுத்த அந்தப் படத்தைக் கடைசியில் பார்க்கக் கிடைக்கும்போது, அந்த ஒற்றை முடிச்சு அப்படியே அவிழாமல் காத்திருக்கும்.

கேட்டபின் பார்க்க வேண்டுமே. 1964-இல் ஒருவருக்கு ‘காதலிக்க நேரமில்லை’ பிடித்துப் போய், பாலையாவின் பழைய படம் ஒன்றைப் பார்க்க ஆசை வந்தால், அவர் செய்யக் கூடியது காத்திருப்பது ஒன்றுதான். ஊரெல்லையில் டூரிங் டாக்கீஸ் இருந்தால் உண்டு. புதுப்படம் வராத வாரங்களில் பழைய பிரதி ஒன்று வரும். தட்டி கட்டிய மாட்டுவண்டி தெருவில் நோட்டீஸ் வீசிக்கொண்டு போகும். அந்தி சாய்ந்து, ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டுப் போட்டால் முதல் ஆட்டம் தொடங்கப் போகிறது என்று பொருள். பல ஊர் சுற்றி வந்த பிரதி என்பதால் மழை பெய்வது போலக் கோடுகள் விழும். அறுந்த இடங்களை ஆபரேட்டர்கள் வெட்டி ஒட்டி ஒட்டி, ஆள் வாசலில் நிற்பார், மறுகணம் உள்ளே உட்கார்ந்திருப்பார். எந்த வாரம் எந்தப் படம் என்பது பார்க்கிறவர் கையில் இல்லை. தவறவிட்டால் மறுபடி எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

இடைப்பட்ட நாள்களுக்குப் பாட்டுப் புத்தகம் துணை. மட்டமான தாளில் அச்சடித்த சில பக்கங்கள். முதலில் நடிகர் பட்டியல், பிறகு கதைச் சுருக்கம், பிறகு பாட்டுகள். கதைச் சுருக்கம் கதாநாயகி பெரிய ஆபத்தில் சிக்கும் இடம் வரை விறுவிறுப்பாக வந்து, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நின்றுவிடும். படம் பார்க்காதவர்களும் அதை வாங்கினார்கள். பின்னால் வசன இசைத்தட்டுகள் வந்தன. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் ‘பராசக்தி’யும் ‘திருவிளையாடல்’ படமும் முழுதாக ஓடின. படத்தையே பார்க்காமல் வசனத்தை மூச்சு விடாமல் ஒப்பிப்பவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். வானொலியில் ஒலிச்சித்திரம் வரும். கண்ணுக்கு வேலையில்லாமல் ஒரு மணி நேரத்தில் ஒரு படம்.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. ஞாயிறு மாலைத் தமிழ்ப் படம் வந்தது. வாரத்துக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு. அதில் பழைய படங்கள் நிறைய. தெருவுக்கு ஒரு பெட்டி, அந்த வீட்டுக் கூடத்தில் தெருவே கூடும். நடுவில் செய்தி வரும், தடங்கலுக்கு வருந்துகிறோம் என்ற அட்டை வரும், கூட்டம் அசையாது. 1982 வரையில் ஒளிபரப்பில் வண்ணம் கிடையாது. ஆகவே ஆழியாற்றின் பச்சையையும் நீலத்தையும் ஏ. வின்சென்ட் ஈஸ்ட்மேன்கலரில் பிடித்து வைத்த ‘காதலிக்க நேரமில்லை’யை வீட்டுப் பெட்டியில் பார்த்த ஒரு தலைமுறை சாம்பல் நிறத்தில்தான் பார்த்தது. கூட உட்கார்ந்திருந்த பெரியவர்கள் “அந்தச் சேலை ரோஸ் கலரு” என்று நிறத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

பிறகு டெக் எடுக்கும் காலம். பொங்கலுக்கும் காதுகுத்துக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் ஓர் இரவு வாடகைக்கு வரும். விடிய விடிய மூன்று படம். எது எது என்பதில் வீட்டில் பெரிய பேச்சுவார்த்தை நடக்கும். இரண்டு புதுப்படம், ஒன்று பழைய படம் என்பது பல வீடுகளில் எழுதாத ஒப்பந்தம். பழைய படத்தை முதலில் போட வேண்டும், இல்லாவிட்டால் பாட்டி தூங்கிவிடுவார். புதுப்படத்துக்காக விழித்திருந்த பிள்ளைகள் வேறு வழியில்லாமல் ‘சபாஷ் மீனா’வைப் பார்த்தார்கள். 1958-இல் வந்த படம். சந்திரபாபு இரட்டை வேடத்தில் வந்து போன பிறகு, புதுப்படம் எப்போது என்று கேட்க மறந்தார்கள். பழைய படத்தின் மேல் பிரியம் கொண்ட என் வயதுக்காரர்களில் பலருக்கு அது இப்படித்தான் வந்து சேர்ந்தது. விருப்பப்பட்டுத் தேடிப் போனது அல்ல, மற்றவர்களின் விருப்பத்துக்காக உட்கார்ந்ததில் கிடைத்தது.

இன்று காத்திருப்பது என்ற பேச்சே இல்லை. ‘சபாபதி’ என்று எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் 1941-ஆம் ஆண்டுப் படம் வந்து நிற்கிறது. பழைய படங்களுக்கென்றே முரசு, சன் லைஃப் போன்ற சேனல்கள் இருக்கின்றன. பெரியப்பா வாழ்நாள் முழுக்கத் தேடியும் இரண்டாம் முறை பார்க்கக் கிடைக்காத படங்களை, பேருந்தில் போகிற பெண் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பார்க்கிறாள். நிறுத்தலாம், திருப்பி ஓட்டலாம், காட்சி எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்று நுணுகிக் கவனிக்கலாம். அன்று ‘அந்த நாள்’ படத்தைப் பற்றி எழுதியவர்கள் நினைவிலிருந்து எழுதினார்கள். இன்று ஒரு கல்லூரி மாணவர் ஒவ்வொருவர் வாக்குமூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதலாம். இது சின்ன லாபம் இல்லை. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் ஒற்றை ஆளாகச் சேர்த்து வைத்த தகவல்களையும், ராண்டார் கையும் தியடோர் பாஸ்கரனும் எழுதி வைத்தவற்றையும் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் சொன்ன படத்தை அப்போதே போட்டுப் பார்க்க முடிகிற முதல் தலைமுறை இதுதான்.

பெரிய திரையிலும் சில நல்ல காரியங்கள் நடந்தன. 1964 பொங்கலுக்கு வந்த ‘கர்ணன்’ டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012 மார்ச்சில் மறுபடி வெளியானபோது சென்னையில் நூறு நாள்களைத் தாண்டி ஓடியது. சிவாஜியைத் திரையில் ஒருமுறைகூடப் பார்த்திராத பிள்ளைகள் அப்பா, தாத்தாவோடு போனார்கள். அந்த வெற்றிக்குப் பிறகு 2014-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்தது. பழைய படத்துக்கும் கூட்டம் வரும் என்பது கணக்கில் ஏறியது.

ஆனால் வீட்டுத் திரையில் வந்து சேர்வது பெரும்பாலும் முழுப் படம் அல்ல. முதலில் அளவு. ஐம்பதுகளின் படங்கள் ஏறக்குறைய சதுரத்துக்குப் பக்கமான சட்டத்தில் எடுக்கப்பட்டவை; அகலம் 1.37 என்றால் உயரம் 1. இன்றைய பெட்டியின் அகலம் 1.78. பக்கத்தில் கறுப்பு விழக் கூடாது என்பதற்காக மேலும் கீழும் வெட்டி நிரப்பி விடுகிறார்கள். உயரத்தில் ஏறத்தாழக் கால் பங்கு போய்விடுகிறது. ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடும் நடனத்தை இப்படி வெட்டிய பிரதியில் ஒருமுறை பார்க்க நேர்ந்தது. ஒரு பக்கம் பாதம் இல்லை, ஒரு பக்கம் தலை இல்லை. தாளம் மட்டும் காதில் விழுகிறது, அதை மிதிக்கும் கால் சட்டத்துக்கு வெளியே. மழைக் கோடு விழுந்த டூரிங் டாக்கீஸ் பிரதியில்கூடக் கால் இருந்தது.

அடுத்து வேகம். சினிமா நொடிக்கு 24 சட்டம் ஓடும், நம் தொலைக்காட்சி முறை 25. அப்படியே மாற்றினால் நூற்று அறுபது நிமிடப் படம் ஆறு நிமிடத்துக்கு மேல் முன்னதாகவே முடிந்துவிடும், பாட்டின் சுருதியும் சற்று ஏறிவிடும். விஸ்வநாதன்–ராமமூர்த்தி அமைத்த மெட்டை இசைத்தட்டில் கேட்டுப் பழகியவர் இந்தப் பிரதிகளில் கேட்டால் ஏதோ ஒன்று உறுத்தும், என்னவென்று பிடிபடாது. இதோடு, நேரம் போதாது என்று யாரோ பாட்டை நீக்கியிருப்பார்கள். மூலையில் ஒரு முத்திரை, அடியில் ஓடும் விளம்பரம்.

எல்லாவற்றையும்விடப் பெரியது, படம் துண்டாகிவிட்டது. பேய்க்கதைக் காட்சி தனியாக, ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் காட்சிகள் தனியாக, பாட்டுகள் தனியாக வலம் வருகின்றன. ஒன்றைப் பார்த்து முடித்தால் அடுத்ததை இயந்திரமே எடுத்து நீட்டுகிறது. நாகேஷைப் பார்த்தவருக்கு இன்னொரு நாகேஷ், அதைப் பார்த்தவருக்கு மற்றொரு நாகேஷ். பலர் பார்த்ததையே அது தருகிறது. நாகேஷுக்கு முன்னால் காளி என். ரத்தினம் என்று ஒருவர் இருந்தார், இருவருக்கும் ஓர் உறவு இருக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. முப்பதுகளை நோக்கி அது யாரையும் அழைத்துப் போய் நான் பார்க்கவில்லை. பெரியப்பாக்கள் செய்த வேலை இன்னும் காலியிடமாகவே இருக்கிறது.

அதனால்தான், ‘காதலிக்க நேரமில்லை’ ரொம்பப் பிடிச்சிருக்கு, இதே மாதிரி பழசு இன்னும் என்ன இருக்கு என்று யாராவது கேட்டால் எனக்கு மகிழ்ச்சி தாங்குவதில்லை. நண்பர் ஒருவரின் மகள், கல்லூரியில் படிப்பவள், அண்மையில் அப்படிக் கேட்டாள். “லிஸ்ட் அனுப்புங்க மாமா” என்றாள். பட்டியல் வேண்டாம், ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு போ என்றேன். சிறந்த நூறு படங்கள் என்று அடுக்கிக் கொடுத்தால் யாரும் பார்ப்பதில்லை. அவர் ஏற்கெனவே விரும்புகிற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் போக வேண்டும், அதுவும் படிப்படியாக. நேராக 1934-க்குப் போய், ஐம்பது பாட்டுள்ள ‘பவளக்கொடி’ பற்றிப் பேச ஆரம்பித்தால், நல்ல ரசிகரைக்கூட இழந்துவிடுவோம். பாட்டுக்காகவே கூட்டம் வந்த காலத்தின் படங்கள் அவை. கண்ணையும் காதையும் கொஞ்சம் பழக்கிக்கொண்டுதான் அங்கே போக முடியும்.

அவளுக்குப் பிடித்தது ஆள்மாறாட்டம். ஒருவன் இன்னொருவனாக நடிப்பதும், மாட்டிக்கொள்ளாமல் தப்புவதும். அந்தக் கயிறு நேராக ‘மிஸ்ஸியம்மா’வுக்குப் போகிறது. 1955, எல்.வி. பிரசாத் இயக்கம், விஜயா புரொடக்‌ஷன்ஸ். வேலைக்காகக் கணவன் மனைவி என்று பொய் சொல்லிக்கொள்ளும் இருவர், ஜெமினி கணேசனும் சாவித்திரியும். அவன் இந்து, அவள் கிறிஸ்தவப் பெண் மேரி. ஜமீன்தார் வீட்டில் ஒரே அறையைக் கொடுத்துவிட, சாவித்திரியின் முகத்தில் ஏறும் கோபத்தைப் பார்க்க வேண்டும். குரலை உயர்த்தாமல், உதட்டை இறுக்கி, கண்ணாலேயே எதிராளியைச் சுவரோரம் ஒதுக்கிவிடுவார். தமிழிலும் தெலுங்கிலும் ஒரே சமயத்தில் எடுத்த படம். மார்கஸ் பார்ட்லியின் நிலவொளியை வெட்டாத பிரதியில் பார்ப்பது நல்லது. நம் நகைச்சுவைப் படங்களில் இத்தனை மென்மையானது வேறொன்று இல்லை என்பது என் எண்ணம். ‘காதலிக்க நேரமில்லை’யை நேசிக்கும் எனக்கே அந்தத் தராசில் ‘மிஸ்ஸியம்மா’தான் ஒரு குன்றிமணி கூடுதல்.

அங்கிருந்து 1960-இன் ‘அடுத்த வீட்டுப் பெண்’. பாட்டுத் தெரியாத காதலனுக்கு நண்பன் மறைந்திருந்து குரல் கொடுக்கும் கதை. வங்காளத்தில் 1952-இல் வந்த ‘பாஷேர் பாரி’யின் கதை தமிழுக்கு வந்தது, பின்னால் 1968-இல் அதுவே இந்தி ‘படோசன்’. காதலன் டி.ஆர். ராமச்சந்திரன். அகல விழித்த கண், எதற்கும் திகைத்து நிற்கும் முகம். அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டால் ஒரே தாவலில் ‘சபாபதி’. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம், ஏ.வி. மெய்யப்பன் எடுத்தது. எஜமானன் சபாபதி ராமச்சந்திரன், வேலைக்காரன் சபாபதி காளி என். ரத்தினம். பெரிய கதை ஒன்றும் இல்லை. மந்தமான எஜமானனுக்கு அவனைவிட மந்தமான வேலைக்காரன், அவ்வளவுதான். சோடா உடைத்துக்கொண்டு வா என்றால் பாட்டிலை உடைத்துக்கொண்டு வருகிற ரகம். ஆனால் ரத்தினம் ஒரு சொல்லை எடுத்து, புரியாமல் புரட்டி, நிதானமாகத் தப்பாகச் செய்துவிட்டு, சரியாகச் செய்த திருப்தியோடு நிற்கும் அந்த நிற்றல்! செல்லப்பா தன் படக் கம்பெனியைப் பற்றி அப்பாவிடம் பேசும்போது அவன் முகத்தில் இருக்கும் அசையாத நம்பிக்கை அங்கிருந்து வருகிறது. ஒருவர் குறைவாக அசைவார், மற்றவர் நிற்கவே மாட்டார். இருவருக்கும் தங்கள் அறிவைப் பற்றிச் சந்தேகமே கிடையாது.

இன்னொரு கயிறு பாலையா. இதை மெல்லத்தான் இழுக்க வேண்டும். முதலில் 1959-இன் ‘பாகப்பிரிவினை’, மனைவி பேச்சைக் கேட்டுத் தம்பியைப் பிரியும் அண்ணன். அங்கே அவர் கெட்டவரும் இல்லை, நல்லவரும் இல்லை. தடுமாறும் குடும்பத் தலைவர். அடுத்து 1954-இன் ‘தூக்குத் தூக்கி’. வடநாட்டுச் சேட்டாக, உடைந்த தமிழ் பேசிக்கொண்டு, சிரிக்க வைத்துக்கொண்டே துரோகம் செய்கிறவர். பிற்காலத்து நகைச்சுவைப் பாலையா அந்த வில்லனுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது அங்கே கண்கூடாகத் தெரியும். பிறகு 1949-இன் ‘வேலைக்காரி’யில் நாயகனுக்கு வழிகாட்டும் நண்பன். கடைசியாக 1937-இன் ‘அம்பிகாபதி’. தமிழே தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கம், தியாகராஜ பாகவதர் நாயகன், பாலையா சூழ்ச்சிக்கார ருத்ரசேனன். இருபத்து மூன்று வயது. கண்ணில் ஈவிரக்கம் இல்லை. இதையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து பேய்க்கதைக் காட்சியைப் பார் என்றேன்.

சில வாரம் கழித்து அவள் அழைத்தாள். ‘தூக்குத் தூக்கி’ வரை வந்துவிட்டாளாம். “மாமா, அந்தக் கதை சொல்ற சீனை மறுபடி போட்டுப் பார்த்தேன். இந்த ஆள் போய் நாகேஷுக்குப் பயப்படறாரேன்னு இருக்கு” என்றாள். 1964-இல் அரங்கில் இருந்தவர்கள் சிரித்த அதே காரணத்துக்கு அவளும் சிரித்திருக்கிறாள்.

அவள் கேட்ட இன்னொரு கேள்விக்கு நல்ல பதில் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றுக்கும் முதல் தமிழ்ப் பேசும் படத்தைப் பார்க்கணும், எங்கே கிடைக்கும் என்றாள். 1931-இன் ‘காளிதாஸ்’ பிரதி எங்குமே இல்லை. டி.பி. ராஜலட்சுமி அதில் எப்படிப் பேசினார், எப்படிப் பாடினார் என்று இனி யாரும் பார்க்க முடியாது. ஐம்பதுகளின் தொடக்கம் வரை படச்சுருள்கள் நைட்ரேட்டில் செய்யப்பட்டவை. எளிதில் தீப்பற்றும், வெப்பத்தில் தானாகவே சிதையும். ஓடி முடிந்த படத்துக்கு மதிப்பு இல்லை என்று கருதி, வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகச் சுருளை எடைக்குப் போட்டதும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது, ‘காதலிக்க நேரமில்லை’ வெளியான அதே 1964 பிப்ரவரியில்தான். பி.கே. நாயர் ஊர் ஊராக அலைந்து சேர்க்கத் தொடங்குவதற்குள் முதல் முப்பதாண்டுகளின் பெரும்பகுதி போய்விட்டது. எல்லாமே கிடைக்கும் என்று நம்பி வளர்ந்த பிள்ளைக்கு, ஒரு படம் உலகத்தில் எங்குமே இல்லை என்பது விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. பெரியப்பாக்கள் காலத்தில் கிடைக்காத படம் என்றாவது ஒருநாள் வரும் என்ற நம்பிக்கையாவது இருந்தது.

‘சபாபதி’யை அவள் தன் பாட்டியோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். பாட்டிக்கு எண்பது வயது, படம் வந்தபோது பிறக்கவே இல்லை. ஆனால் அவருடைய அப்பா அந்தப் படத்தை ஒரு காட்சி விடாமல் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். கேட்ட படத்தை ஒருநாளாவது பார்த்துவிட வேண்டும் என்று பல ஆண்டு ஆசை. டூரிங் டாக்கீஸிலும் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமையிலும் கண்ணில் படவில்லை, பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். இப்போது பேத்தி தேடிப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பழைய படத்தை இளையவர் சொல்லி மூத்தவர் பார்ப்பது எங்கள் காலத்தில் நடந்ததே இல்லை. படம் ஓட ஓட, அடுத்து வரப்போவதை எல்லாம் பாட்டி முந்திக்கொண்டு சொல்லிவிட்டாராம். “ஒரு சீன்கூட மீதி வைக்கல மாமா. சொல்லாதீங்க பாட்டி, சொல்லாதீங்கன்னு கத்திக்கிட்டே இருந்தேன்” என்றாள். அடுத்து என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். ‘அம்பிகாபதி’யைத் தள்ளி வைத்துவிட்டார்களாம், பாட்டி ‘கல்யாண பரிசு’ கேட்டிருக்கிறார், அதில் தங்கவேலு எழுத்தாளர் பைரவனாக வந்து அளக்கும் புளுகை மறுபடி பார்க்க வேண்டுமாம்.